மாலை போடாத வருஷம்

என் வீட்டுக்காரருடைய பெரியப்பா பேயாண்டி செத்துப்போனார் என்று போன் வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது மீன் குழம்பு. பாவம் என்றால் பாவம்தான். ஆனால் நடந்ததைத்தான் சொல்கிறேன். எண்பத்து நான்கு வயது மனுஷர், தீபாவளிக்கு ஆட்டுக்கறி தின்றுவிட்டு மூன்றாம் நாள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அழுவதற்கு ஆள் நிறைய இருந்தது. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கார்த்திகை பிறக்க இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் பேய் என்று நினைப்பீர்கள். என் வீட்டுக்காரர் சின்னச்சாமி திருமங்கலத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். பன்னிரண்டு வருஷமாகச் சபரிமலைக்கு மாலை போடுகிறார். கார்த்திகை முதல் தேதி போட்டால், தை பிறந்து ஜோதி பார்த்துவிட்டு, திரும்புகிற வழியில் திருச்செந்தூரில்தான் கழற்றுவார். அந்த இரண்டு மாதமும் வீட்டில் முட்டை கிடையாது, கருவாடு கிடையாது. அவர் கூடத்தில் தனிப் பாயில் படுப்பார். நான் அவரைச் சாமி என்பேன், அவர் என்னை மாளிகைப்புறம் என்பார். அவர் மாலை போட்டால் நானும் கவுச்சி தொடமாட்டேன். அப்படி இருக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை, மனசு கேட்காது, அவ்வளவுதான்.

ஐயப்பன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் எங்கள் மாடியில் குடியிருந்தவர்கள் மேல்.

ராம்கி வங்கியில் வேலை பார்க்கிறவன். அவன் பெண்டாட்டி பவதாரிணி பள்ளிக்கூட டீச்சர். மூன்று வருஷத்துக்கு முன்னால் வாடகைக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள், ஒன்றாம் தேதி வாடகை வந்துவிடும், குழாயை மூடாமல் போகமாட்டார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லாததுதான் எனக்குப் பெரிய குறை. மழை விட்டு வெயில் தணிந்து, கார்த்திகை மார்கழி வந்ததோ இல்லையோ, ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு காரை எடுத்துக்கொண்டு கடலுக்குக் கிளம்பிவிடுவார்கள். விடியக்காலம் போய், கடற்கரையில் நடந்து, மத்தியானம் மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துவிடுவார்கள். திங்கட்கிழமை காலையில் மாடிப்படியில் கடல் மணல் கிடக்கும். அதைக் கூட்டுகிறவள் நான்.

வரும்போது சாயல்குடிப் பக்கம் பனங்கிழங்கு வாங்கிவந்து, "அக்கா, இது ஒங்களுக்கு" என்று ஒரு கட்டு கொடுப்பாள். வேகவைத்துத் தின்பேன். வயிறு எரியும். கிழங்கின் மேல் தப்பில்லை.

பொறாமை என்றால் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள், தங்களிடம் அது இல்லாததுபோல. எனக்கு இருந்தது. நாற்பத்தாறு வயதில் மாடி வீட்டுப் பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமும் இருந்தது. அவள் போனில் வைக்கிற படங்களில் ஒன்று என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. இரண்டு பேரும் அலையோரம் நடந்து வருகிறார்கள். அவளுடைய செருப்பை அவன் தன் கையில் தூக்கிக்கொண்டு வருகிறான். அவ்வளவுதான் படம். ஒரு ஆம்பளை, பெண்டாட்டி செருப்பை, நாலு பேர் பார்க்க. நான் பல் டாக்டர் ஒருவரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பதினேழாம் நம்பரை இரண்டு தடவை உள்ளே அனுப்பிவிட்டேன்.

நான் கடலைப் பார்த்தது வாழ்க்கையில் ஒரே தடவை. மாமியாருக்குக் காரியம் செய்ய ராமேஸ்வரம் போனபோது. ஈரச் சேலையோடு கூட்டத்தில் முட்டி மோதி, ஐயர் அவசரப்படுத்த, மூன்று முழுக்குப் போட்டு வந்தோம். அதையெல்லாம் கடல் பார்த்ததாகச் சொல்ல முடியாது. "ஒரு நாளு கடலுக்குப் போய், சும்மா நடந்துட்டு, மீன் சோறு தின்னுட்டு வருவோம்" என்று வருஷா வருஷம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மார்கழியில் கேட்டால், "மாலை போட்டிருக்கேன்ல, மாளிகைப்புறம்" என்பார். சித்திரையில் கேட்டால், "இந்த வெயில்ல கடலுக்கா, மண்டை பொளந்துரும்" என்பார். ஐப்பசியில் மழை. கடலைத் தாண்ட ஆசை உண்டு, கால்வாயைத் தாண்டக் கால் இல்லை என்பார்களே, அது என் கதைதான்.

அதனால்தான் பெரியப்பா சாவில் எனக்கு மீன் குழம்பு ஞாபகம் வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஊர்க் குருசாமி விருமாண்டி வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டார்.

"ரத்தப் பங்காளி, சின்னச்சாமி. இந்த வருஷம் நீ மாலை போடக் கூடாது. மலை எங்கயும் ஓடிப் போகாது, அடுத்த வருஷம் போடு."

என் வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போனது. பதினெட்டு வருஷம் விடாமல் மலைக்குப் போய்த் தானும் குருசாமியாக வேண்டும் என்று அவருக்கு ஆசை. நடுவில் ஒரு வருஷம் அறுந்துவிட்டதே என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் குனிந்தே சோறு போட்டேன். நிமிர்ந்தால் சிரிப்பு தெரிந்துவிடும்.

மார்கழி பிறந்தது. ஒரு சாயங்காலம் ராம்கி படியிறங்கி வரும்போது நானே நிறுத்தி, "தம்பி, அடுத்து கடலுக்குப் போறப்ப கார்ல எடம் இருக்குமா?" என்று கேட்டுவிட்டேன். அவனுக்குச் சந்தோஷம்.

"என்ன மதினி இப்படிக் கேக்குறீங்க. ரெண்டு பேரும் வாங்க. ஞாயித்துக்கெழம போறோம்."

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "எந்தப் பக்கம் போறீக?"

"எப்பவும் போற எடந்தாண்ணே. மூக்கையூர்."

"அம்புட்டுத் தூரம் எதுக்குங்கிறேன்" என்றார் அவர், அவனிடம் இல்லை, என்னிடம். "வைகை டேமுக்குப் போவோம். அங்கயும் மீன் பொரிச்சுத்தான் தாராங்க."

"டேம்ல அலை அடிக்குமா?"

"அலையப் பாத்து என்ன செய்யப் போற?"

"நின்னு பாப்பேன். வேற என்ன செய்வாக?"

ராம்கி ஏதோ சொல்ல வாயெடுத்தான். என் வீட்டுக்காரர் அவனைப் பார்த்தார். அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். செலவுக்குப் பயப்படுகிறார் மனுஷர் என்று நான் நினைத்துக்கொண்டேன். மறுநாள் மதுரைக்குப் பஸ் ஏறி, டவுன்ஹால் ரோட்டில் எனக்கு ஒரு புதுச் செருப்பு வாங்கினேன். எதற்கென்று கேட்காதீர்கள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். முன்னால் அவர்கள் இரண்டு பேர், பின்னால் நாங்கள். காரியாபட்டி தாண்டும்வரை பனி, ரோட்டோரத்துப் புளியமரம்கூடச் சரியாகத் தெரியவில்லை. அருப்புக்கோட்டையில் இட்லி, டீ. பவதாரிணி ராம்கிக்குச் சட்னி தொட்டு ஊட்டிவிடவில்லை, அது ஒன்றுதான் குறை. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் இரண்டாவது வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சரி, கடற்கரைக்குப் போனால் மனசு மாறும் என்று தேற்றிக்கொண்டேன்.

சாயல்குடி தாண்டினால் பார்க்கிற பக்கமெல்லாம் பனைமரம். ஒரு இடத்தில் ராம்கி நேராகப் போகப் பார்த்தான். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து தோளைத் தட்டினார்.

"தம்பி, நேராப் போகாத, ரோடு குண்டும் குழியுமாக் கெடக்கு. அந்தா மாதா கோயில் தெரியுது பாரு, அதுல எடதுகைப் பக்கம் திரும்பு. பத்து நிமிசத்துல கடலு."

"இந்த வழி எனக்கே தெரியாதேண்ணே" என்றான் ராம்கி.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் புருஷன் படிக்காதவர்தான், ஆனால் பார்த்தீர்களா மூளையை, என்பதுபோலப் பவதாரிணியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொறாமை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். என்னைப்போல் முட்டாள் அந்தக் காரில் வேறு யாருமில்லை.

கடல் வந்தது. அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர், இளவெயில், காற்று. கரையில் ஏற்றிவைத்த நாலு படகு, வலையை உதறிக்கொண்டிருந்த இரண்டு பேர். செருப்பைக் கழற்றி மணலில் கால் வைத்தபோது உள்ளங்கால் குளிர்ந்து, அந்தக் குளிர்ச்சி மெல்ல முழங்காலுக்கு ஏறியது. ஒரு அலை வந்து கணுக்காலை நனைத்தது. நான் சின்னப் பிள்ளை மாதிரிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். அழுகை வந்தது. எதற்கு என்று எனக்கே தெரியவில்லை, நல்ல அழுகைதான்.

பவதாரிணியும் ராம்கியும் முன்னால் போய்விட்டார்கள். அவள் செருப்பு அவன் கையில். நான் என் புதுச் செருப்பை விரலில் மாட்டிக்கொண்டு, கொஞ்சம் ஆட்டிக் காட்டிக்கொண்டே நடந்தேன். என் வீட்டுக்காரர் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவர் எங்கேயும் பத்தடி முன்னால்தான் போவார், கடைவீதியானாலும் சரி, கல்யாண வீடானாலும் சரி. "ஏங்க, மெதுவாப் போங்க" என்றேன். நின்றார். நான் பக்கத்தில் வந்ததும் மறுபடியும் நடந்தார். நான்கு தப்படியில் மறுபடி பத்தடி.

"கடலு நல்லா இருக்குல்ல?" என்றேன்.

"ம். வாடை அடிக்கிற மாசத்துல இந்தப் பக்கத்துக் கடலு அடங்கித்தான் கெடக்கும்" என்றார். அதை எங்கே படித்தார் என்றுகூட நான் யோசிக்கவில்லை.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக்குப் போனோம். ஓட்டல் இல்லை, ஒரு வீடு. முன்பக்கம் கீற்றுக் கொட்டகை போட்டு, பெஞ்சும் மேசையும் கிடந்தன. முதல் நாளே போன் பண்ணி எத்தனை பேர் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு வந்த மீனில் சமைத்து வைப்பார்களாம். மிக்கேலம்மா என்று ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், அகப்பையோடு வெளியே வந்தார். ராம்கியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது.

"வாங்க சாமி, வாங்க. என்ன இந்த வருசம் மார்கழியிலயே வந்துட்டீக? குருசாமி எங்க? மத்த சாமிமாரு எங்க?"

நான் முதலில் வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இந்த வருசம் மாலை போடலம்மா. பங்காளி வீட்டுல சாவு" என்றார் மெதுவாக.

"அப்படியா, கஷ்டந்தான். இவுக யாரு?"

"வீட்டுல."

மிக்கேலம்மா அகப்பையை மேசையில் வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஆத்தா, நீங்கதானா. பன்னெண்டு வருசமா இவுகளுக்குச் சோறு போடுறேன். தை மூணாந்தேதி ஆச்சுன்னா வேன் வந்துரும். செந்தூர்ல மாலையக் கழட்டிட்டு நேரா இங்கதான். பன்னெண்டு பேரும் கடல்ல விழுந்து குளிச்சு, நடந்து, ஆட்டம் போட்டு, ரெண்டு ரெண்டு தடவ சோறு வாங்கித் திம்பாக. வீட்டுல உள்ளவுகள ஒரு நாளாவது கூட்டிட்டு வரக் கூடாதான்னு நானே கேட்டிருக்கேன். ஒங்களுக்குக் கடக்காத்துச் சேராதுன்னாக. இப்ப ஒடம்பு பரவால்லயா?"

எனக்குக் கடற்காற்று சேராது. இந்தச் செய்தி எனக்கே அப்போதுதான் தெரியும்.

"இப்பப் பரவால்லக்கா" என்றேன். வேறு என்ன சொல்வது?

ராம்கி நல்ல பையன், ஆனால் வாய் சும்மா இருக்காது. நிலைமையைச் சமாளிக்கிறேன் என்று நினைத்து, "எங்களுக்கே இந்த எடம் அண்ணன் சொல்லித்தான் தெரியும் மதினி. குடிவந்த புதுசுல, ஒம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போ தம்பி, நல்லா இருக்கும்னு அண்ணந்தான் நம்பர் குடுத்தாரு" என்றான். பவதாரிணி மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். மிதித்து என்ன, சொல்லியாயிற்று.

ஆக, அந்தப் படிக்கட்டு மணலை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் புருஷன்தான். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பது சும்மா இல்லை.

இலை போட்டார்கள். விளமீன் குழம்பு, கணவாய் வறுவல், ரசம். மிக்கேலம்மா கேட்காமலே ஒரு தட்டில் மீன் சினையை வறுத்துக் கொண்டுவந்து என் வீட்டுக்காரர் இலையில் முழுசாகக் கொட்டினார். "சாமிக்குச் சினைன்னா உசுரு" என்று என்னிடம் சொன்னார். எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வதாக அவருக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக மீன் ஆய்கிறேன். சினை வந்தால் தனியாக எடுத்து எங்கள் பையனுக்குத்தான் வைப்பேன். அவன் இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறான், அவனுக்குப் பார்சல்கூடப் பண்ணியிருக்கிறேன். இந்த மனுஷர் ஒரு நாள்கூட எனக்கு ஒரு துண்டு வை என்று கேட்டதில்லை.

அதோடு இன்னொன்றும் புரிந்துபோனது. தை மூன்றாம் தேதி பொழுது சாய அவர் மலையிலிருந்து வீட்டுக்கு வருவார். நான் அன்றுவரை கவுச்சி தொடாமல், தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, வடை பாயசத்தோடு இலை போட்டுக் காத்திருப்பேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "பயண அலுப்பு, வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்பார். ஐயோ, மலை ஏறி இறங்கிய உடம்பு என்று சுக்குத் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுப்பேன். பன்னிரண்டு வருஷம், பன்னிரண்டு கஷாயம். விளமீன் செரிக்கட்டும் என்று கொடுத்திருக்கிறேன்.

நான் சண்டைக்காரிதான். ஆனால் அடுத்தவர் வீட்டில், நல்ல சோற்றின் முன்னால் உட்கார்ந்து சண்டை போடுகிற பழக்கம் இல்லை. மூன்று துண்டு மீன் சாப்பிட்டேன். அருமையாக இருந்தது. அதுதான் இன்னும் கோபம்.

கை கழுவியதும், "வாங்க, நடப்போம்" என்றேன். அவர் வந்தார். இந்தத் தடவை பத்தடி முன்னால் போகவில்லை. பக்கத்திலேயே, இன்னும் சொன்னால் அரையடி பின்னால் வந்தார். பவதாரிணியும் ராம்கியும் கொட்டகையிலேயே இருந்துகொண்டார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் அவரே ஆரம்பித்தார். "கோவிச்சுக்காத கனகு. அறுபது நாளு வாயக் கட்டுன பயலுக, மாலை கழட்டுன அன்னைக்கு எல்லாருமாச் சேந்து ஒரு வாய் மீனு. அப்படியே பழக்கமாப் போச்சு."

"நானுந்தான் அறுபது நாளு வாயக் கட்டுனேன்."

அவர் கால் பெருவிரலால் மணலைக் கிளறினார்.

"எனக்குக் கடக்காத்துச் சேராதாக்கும்?"

"அந்தம்மா கேட்டுச்சு. என்னமாவது சொல்லணும்ல, அதான் சொன்னேன்."

"ராம்கிகிட்ட, ஒம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போ, நல்லா இருக்கும்னு சொல்லத் தெரிஞ்சுச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஏன் சொல்லல?"

அவர் கடலைப் பார்த்தார். படகைப் பார்த்தார். பொய் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது உண்மை. அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

"சொன்னா நீயும் வாரேன்னு கேப்பே."

அவ்வளவுதான் சொன்னார். அதட்டவில்லை, வெறுத்துச் சொல்லவில்லை. கடையில் கஸ்டமரிடம், காயில் கருகிப்போச்சுண்ணே என்று சொல்கிற குரல்தான்.

இன்னொரு பெண் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் குடுமியைப் பிடித்து ஆட்டியிருப்பேன், தெருவுக்கே கேட்கக் கத்தியிருப்பேன். இதில் யார் குடுமியைப் பிடிப்பது? குருசாமி விருமாண்டிக்குத் தலையே வழுக்கை. மாடி வீட்டுப் பிள்ளையைப் பார்த்து மூன்று வருஷம் வெந்து செத்தேனே, அவள் ஒன்றும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டது பதினோரு தடிப்பயல்களும் ஒரு வேனும். அவர்களோடு இவர் சிரித்திருக்கிறார், தண்ணீரில் விழுந்திருக்கிறார், ஆட்டம் போட்டிருக்கிறார். நான் ஒரு நாளும் பார்க்காத சின்னச்சாமி ஒருவர் இந்த மணலில் வருஷா வருஷம் நடந்திருக்கிறார். அந்த ஆளை மிக்கேலம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அந்த அம்மா மேல்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது, சோறு போட்ட கை என்றுகூடப் பார்க்காமல்.

அழுதேன். கத்தவில்லை, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். அவருக்குக் கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் குனிந்து என் கையிலிருந்த செருப்பை வாங்கப் பார்த்தார். "குடு, நான் தூக்கிட்டு வாரேன்" என்றார். பவதாரிணி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாரக்கணக்கில் நான் வேண்டியது இதுதான். நான் செருப்பை மணலில் போட்டுக் காலில் மாட்டிக்கொண்டு கொட்டகையைப் பார்த்து நடந்தேன்.

மிக்கேலம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அடுத்த ஞாயித்துக்கெழம சாப்பாடு வேணும். எம் பேர்ல போட்டுக்கங்க."

அவர் ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். "திருமங்கலம் சாமின்னு நம்பரு இருக்கே, அது போதாதா?"

"அது அவுக நம்பரு. என் நம்பரச் சொல்றேன், கனகலட்சுமின்னு போடுங்க."

போட்டுக்கொண்டார். "எம்புட்டுப் பேரு?"

"ஆறு" என்றேன்.

எங்கிருந்து ஆறு வந்தது என்று எனக்கே தெரியாது. எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு நர்ஸ் பிள்ளைகள், பரவையில் என் தங்கச்சி மீனா, இப்படி யாரையாவது பிடித்துவிடலாம் என்று பிறகுதான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அப்போதும் நான்குக்கு மேல் போகவில்லை. என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றது தெரியும். அவர் கேட்கட்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன். டோக்கன் கொடுக்கிற குரல் எதற்கு இருக்கிறது?

திரும்பும்போது சாயல்குடியில் பவதாரிணி இறங்கி இரண்டு கட்டுப் பனங்கிழங்கு வாங்கினாள். ஒன்றை என் மடியில் வைத்துவிட்டு, "அக்கா, எனக்குத் தெரியும்க்கா. ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள் மெதுவாக. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. எல்லாக் கோபத்தையும் ஒரே ஆளுக்கு வைத்திருந்தேன்.

அருப்புக்கோட்டை நெருங்கும்போது அவர் தொண்டையைக் கனைத்தார்.

"ஆறு பேரா?"

"ஆமா."

"யாரு யாரு?"

நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன். காற்று முகத்தில் அடித்தது.

"எதுல போவீக?"

"வேன் பிடிப்பேன்."

அவர் வேட்டியை இழுத்து முழங்காலுக்குக் கீழே விட்டுக்கொண்டார். பிறகு மறுபடியும், இன்னும் தாழ்ந்த குரலில், முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டார்.

"யாரு யாரு போறீகன்னு எங்கிட்டச் சொன்னா என்ன, கனகு?"

நான் அவர் பக்கம் திரும்பினேன். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததே இல்லை. பந்தியில் இடம் கிடைக்காமல் வாசலில் நிற்கிறவர் முகம் அது.

"சொன்னா நீங்களும் வாரேன்னு கேப்பீக" என்றேன்.